சிம்ப்சன்ஸ்: நாப்பது வருஷம் ஓடுற ஷோ புதுசா இருக்க முடியுமா?

டோனட்_தாசன்

2025 ஏப்ரல்ல அமெரிக்க ஃபாக்ஸ் சேனல் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் ஷோவை ஒரே அடியா நாலு சீசனுக்கு ரினியூ பண்ணாங்கல்ல, 40வது சீசன் வரைக்கும், அப்போலருந்தே இந்த இழைய ஆரம்பிக்கணும்னு இருந்தேன். 1989 டிசம்பர் 17 அன்னிக்கு ஆரம்பிச்ச ஷோ 2029 வரைக்கும் ஓடப்போகுது. 1987லருந்து ட்ரேசி உல்மன் ஷோவுக்கு நடுவுல குட்டி குட்டி பிட்டா வந்ததெல்லாம் இந்தக் கணக்குல இல்ல. பார்ட்டுக்கு இன்னும் பத்து வயசுதான், கைக்குழந்தை மேகிக்கு இன்னும் வாயில நிப்பிள்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறமா திட்டுங்க. எல்லாரும் சொல்றது ஜோக் தீந்துபோச்சுன்னு. எனக்கு அப்படித் தோணல, ஜோக் எழுத ஆள் எப்பவும் கிடைப்பாங்க. தீந்துபோனது எதிரி. 1990ல இந்த ஷோவை ஃபாக்ஸ் எங்க கொண்டுபோய் வெச்சாங்கன்னு பாருங்க, வியாழக்கிழமை நைட்டு, நேரா காஸ்பி ஷோவுக்கு எதிர்ல. அப்பா டாக்டர், அம்மா வக்கீல், என்ன பிரச்சனை வந்தாலும் அரைமணி நேரத்துல தீந்து எல்லாரும் கட்டிப்புடிச்சுக்குவாங்க, அந்த மாதிரி குடும்பத்தைப் பாத்துப் பழகின ஊருக்கு அணு உலையில தூங்குற அப்பன் ஹோமரையும் வாத்தியாரை கலாய்க்கிற பையன் பார்ட்டையும் காட்டினாங்க. 1992ல பெரிய புஷ், ஜனாதிபதியா இருக்கும்போதே மேடையேறி அமெரிக்கக் குடும்பமெல்லாம் வால்டன்ஸ் (பழைய டிவி சீரியல்ல வர்ற பாசக்காரக் குடும்பம்) மாதிரி இருக்கணும் சிம்ப்சன்ஸ் மாதிரி வேணாம்னு பேசினார், இவங்க அந்த வாரமே பழைய எபிசோடு ஒண்ணுக்கு முன்னாடி புதுசா ஒரு சீன் ஒட்டி பார்ட்டை வெச்சு பதில் குடுத்தாங்க, நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், பொருளாதார மந்தம் எப்ப முடியும்னு வேண்டிட்டு இருக்கோம்னு.

இன்னிக்கு எந்த ஜனாதிபதி சிம்ப்சன்ஸைப் பாத்துக் கடுப்பாவார்? 2019லருந்து டிஸ்னியோட சொத்து. காஸ்பி ஷோவே 1992ல முடிஞ்சுபோச்சு. எவனைக் கலாய்க்க வந்தாங்களோ அவன் ஊரைக் காலி பண்ணிட்டான், அவன் வீட்டுல இவங்களே குடிவந்துட்டாங்க. 10வது சீசன்லருந்து 20 சொச்சம் வரைக்கும் ஒரு மாதிரி ஜீவன் இல்லாம இருந்ததுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான். ஆனா கடைசி அஞ்சாறு வருஷத்துல ஒரு புது எதிரி கிடைச்சிருக்கான், அது அவங்களேதான், அந்த பத்து வயசுல உறைஞ்சுபோன உலகம்தான். அதனால முடியும்ங்கிறது என் பதில். யாரு எதுத்துப் பேசப்போறீங்க?

பூச்சி_ஒழிக

இன்னும் ஓடுதான்னு கேக்குறவங்கதான் என் ஆபீஸ்ல பாதிப் பேரு. அதுவே பதில் இல்லையா தல?

ஸ்பிரிங்ஃபீல்டு_சித்தர்

வந்துட்டேன் எதுத்துப் பேச.

எதிரி தீந்துபோச்சுங்கிறது கேக்க அழகா இருக்கு, ஆனா உண்மையான காரணம் அதவிட சப்பையானது. ஆளுங்க போயிட்டாங்க, அவ்ளோதான். ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் ஒரே ஆளு 59 எபிசோடு எழுதினார், 2003க்கு அப்புறம் அவர் பேர் வரல. மோனோரெயில் எபிசோடு எழுதின கோனன் ஓ'பிரையன் 1993லயே லேட் நைட் டாக் ஷோ பக்கம் போயிட்டார். ஷோரன்னர் (எழுத்தையும் தயாரிப்பையும் நடத்துற தலைமை ஆளு) மாறின கணக்கைப் பாருங்க, 3, 4வது சீசன் ஆல் ஜீனும் மைக் ரைஸும், 5, 6 டேவிட் மிர்கின், 7, 8 ஓக்லியும் வைன்ஸ்டைனும். ரெண்டு ரெண்டு வருஷத்துக்கு ஒரு புது மூளை. அப்புறம் மைக் ஸ்கலி நாலு வருஷம், அதுக்கப்புறம் 13வது சீசன்லருந்து திரும்ப ஆல் ஜீன் வந்து கிட்டத்தட்ட இருபது வருஷம். எவ்ளோ பெரிய திறமைசாலியா இருந்தாலும் இருபது வருஷம் ஒரே நாற்காலியில உக்காந்தா என்ன ஆகும்? அவர் மேல எனக்குக் கோவமே இல்ல, அந்த 4வது சீசனைக் குடுத்த மனுஷன். கடைய மூடாம வெச்சிருந்ததே அவர்தான்.

இன்னொண்ணு. ஷோவுக்கே தெரியும் அது முடிஞ்சுபோச்சுன்னு. 1997 பிப்ரவரியில பூச்சிங்கற நாய் வர்ற எபிசோடு போட்டாங்கல்ல, அது சும்மா போட்டதில்ல, பழைய கார்ட்டூன் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸோட 166 எபிசோடைத் தாண்டின அந்த 167வது எபிசோடு அதுதான். கதைக்குள்ள வர்ற இட்சி அண்ட் ஸ்க்ராட்சி கார்ட்டூனுக்கு ரேட்டிங் எறங்குது, சேனல்காரன் புதுசா ஒரு நாயை உள்ள நுழைக்கிறான், ஹோமர்தான் குரல், பாத்தவனெல்லாம் காறித் துப்புறான். அதுல பார்ட்டோட தங்கச்சி லிசா சொல்லுவா, ஷோவுல தப்பு ஒண்ணும் இல்ல, இவ்ளோ வருஷம் ஆனப்புறம் அந்த கேரக்டருங்க முன்ன மாதிரி தாக்கம் குடுக்க முடியாது, அவ்ளோதான்னு. எட்டாவது சீசன்லயே சொல்லிட்டாங்கய்யா! அதுக்கப்புறம் முப்பது சீசன் கிட்ட ஓட்டிட்டு நாம இங்க உக்காந்து முடியுமா முடியாதான்னு பேசிட்டு இருக்கோம்.

அதே சீசன்ல ஃப்ராங்க் கிரைம்ஸ் வந்தான், நேர்மையா உழைக்கிற ஒரு நிஜ மனுஷன் ஹோமர் பக்கத்துல வேலைக்கு வந்தா பைத்தியம் புடிச்சு செத்துப்போவான்னு. அதுக்கப்புறம் ஒம்போதாவது சீசன்ல ஸ்கூல் பிரின்ஸிபல் ஸ்கின்னரே ஸ்கின்னர் இல்ல, ஆர்மின் டாம்சேரியன்னு எவனோ ஒருத்தன்னாங்க. ஸ்கின்னருக்குக் குரல் குடுக்குற ஹாரி ஷியரரே அந்தக் கதைய ஒத்துக்கல. எனக்கு அங்கயே கதை முடிஞ்சுது.

புது_பார்வையாளர்

நான் மீம்ஸ் மட்டும்தான் பாத்திருக்கேன், ஹோமர் செடிக்குள்ள பின்னாடியே போய் மறைவானே அது. எங்கருந்து ஆரம்பிக்கறது? 35 சீசன் பாக்க முடியாது, தயவுசெஞ்சு.

யோகோஹாமா_ரவி

சித்தர் அண்ணே, நான் ஜப்பான்ல இருக்கேன், இங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஃபுஜி டிவியில சசாயே-சான்னு ஒரு குடும்பக் கார்ட்டூன் ஓடும். 1969 அக்டோபர்லருந்து ஓடுது. சிம்ப்சன்ஸ் எல்லாம் அதுக்கு பேரப்பிள்ளை. உலகத்துலயே அதிக வருஷம் ஓடுற அனிமேஷன் ஷோன்னு கின்னஸ்லயே இருக்கு. கதாநாயகி சசாயேவுக்கு குரல் குடுக்குற மிதோரி கதோ அம்மா முதல் எபிசோடுலருந்து அவங்கதான். யாருக்கும் வயசே ஏறாது, தாத்தாவுக்கு 54 வயசுதான் (நம்ம ஊர்ல அந்த வயசுல ஹீரோவா நடிக்கிறாங்க). யார் கையிலயும் ஸ்மார்ட்போன் கிடையாது. தம்பி குறும்பு பண்ணுவான், அப்பா "பக்காமோன்" (முட்டாப்பயலே)னு கத்துவார், முடியும்போது சசாயே நம்மகூட கல்-காகிதம்-கத்திரி விளையாடுவா. அவ்ளோதான் ஷோ.

இதுல சுவாரசியம் என்னன்னா யாருமே இது புதுசா இல்லன்னு கம்ப்ளைன்ட் பண்றதில்ல. அந்த முடிவுப் பாட்டு கேட்டா ஐயோ நாளைக்குத் திங்கக்கிழமைன்னு வயித்தைக் கலக்கும், அதுக்கே சசாயே-சான் சிண்ட்ரோம்னு பேர் வெச்சிருக்காங்க. எனக்கும் வந்துடுச்சு அது, ஜப்பானியம் சரியா புரியறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அதனால புதுசா இருக்கணும்ங்கிற அவசியம் என்னங்கிறது என் கேள்வி. பழக்கமா இருந்தா பத்தாதா?

டோனட்_தாசன்

@யோகோஹாமா_ரவி செம பாயின்ட் நண்பா. ஆனா சசாயே-சான் என்னிக்கும் நான் புதுசா எதையாவது உடைக்கிறேன்னு சொல்லிட்டு வரல. அது நாலு கட்டம் போட்ட பத்திரிகை கார்ட்டூனா 1946ல ஆரம்பிச்சது, ஹசேகவா மச்சிகோ வரைஞ்சது, ஒரு குடும்பம் எப்படி இருக்கும்னு மெதுவா சொல்ற விஷயம். சிம்ப்சன்ஸ் அடிக்க வந்த ஷோ. அடிக்க வந்தவன் அடிக்காம சோஃபாவுல உக்காந்துட்டா நாம கேப்போம்தானே என்னடா ஆச்சுன்னு.

@சித்தர் ஷோரன்னர் கணக்கு சரிதான், ஆனா அதே கணக்குப்படி பாத்தா 2021லருந்து, அதாவது 33வது சீசன்லருந்து பெரும்பாலும் மேட் செல்மன் கையிலதான் இருக்கு. நீங்க அதுக்கப்புறம் வந்தது ஏதாவது பாத்தீங்களா? நேர்மையா சொல்லுங்க.

ஸ்பிரிங்ஃபீல்டு_சித்தர்

இல்ல. பாக்கவும் மாட்டேன்.

மதுரை_மார்ஜ்

எல்லாரும் ஜோக்கு, ஷோரன்னர்னு பேசுறீங்க, நாம இந்தியாக்காரங்க பேசுற இடத்துல ஷோவுல வர்ற இந்தியக் கடைக்காரன் அபு பேச்சே வரல பாத்தீங்களா? நான் அதைத்தான் பேசப்போறேன்.

ஒரு ஷோ பழசாயிடுச்சுன்னு எப்போ தெரியும்னா யாராவது ஒருத்தர் கேள்வி கேக்கும்போது அது என்ன பதில் சொல்லுதுங்கறதுலதான். 2017ல ஹரி கொண்டபோலு ஒரு டாக்குமென்டரி எடுத்தார், அந்த அபு குரலை வெச்சே அமெரிக்காவுல வளந்த நம்ம பசங்களை ஸ்கூல்ல எப்படிக் கிண்டல் பண்ணாங்கன்னு. அந்தக் குரல் குடுத்த ஹேங்க் அசேரியா வெள்ளைக்காரர். இதுக்கு 2018 ஏப்ரல்ல ஷோ என்ன பதில் சொல்லிச்சு தெரியுமா, லிசா நேரா கேமராவைப் பாத்து அந்தக் காலத்துல கைதட்டினது இப்போ தப்பாப் போச்சு, என்ன செய்யறதுங்கற மாதிரி சொல்லிட்டு பக்கத்துல இருக்கற அபு போட்டோவைப் பாப்பா. லிசா! அந்த ஊர்லயே நியாயம் கேக்குற ஒரே புள்ள. அவ வாயில அந்த வசனத்தை வெச்சப்போதான் எனக்கு இந்த ஷோ கிழவனாயிடுச்சுன்னு தெரிஞ்சுது. தோள் குலுக்கினா முடிஞ்சுதா.

ஆனா 1996ல இதே ஷோ அபுவை வெச்சு ஒரு எபிசோடு எழுதியிருக்கு, ஊருக்குள்ள கரடி வந்துடுச்சு, அதுக்கு வரி ஏத்தினாங்க, மக்கள் கத்தினாங்க, மேயர் பழிய தூக்கி குடியேறிகள் மேல போட்டுட்டார். கலிஃபோர்னியாவுல 1994ல குடியேறிகளுக்கு எதிரா வந்த ப்ரொபோசிஷன் 187ஐத்தான் குத்திக் காட்டுனாங்க. அபு குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கிறான், சாமி சிலையை ஒளிச்சு வெச்சுட்டு தொப்பி போட்டுக்கிட்டு அமெரிக்கன் மாதிரி பேசிப் பாக்குறான், அப்புறம் வெக்கப்பட்டு அழறான். இன்னிக்குப் போட்டுப் பாருங்க, நேத்து எழுதின மாதிரி இருக்கும். அதே கேரக்டர், அதே தப்பான குரல், ஆனா எழுதினவங்க அவனுக்குள்ள போய் பாத்திருந்தாங்க.

2020ல அசேரியா அந்தக் குரலை விட்டுட்டார், நல்லது. அதுக்கப்புறம் அபுவை என்ன பண்ணாங்க? கூட்டத்துல ஒரு ஓரமா வாயே திறக்காம நிக்க வெச்சிருக்காங்க. ஒரு இந்தியக் குரலை வெச்சு, அபுவோட க்விக்-இ-மார்ட் கடையை அவன் புள்ளைங்களே நடத்த மாட்டேங்குதுன்னு ஒரு கதை எழுதத் தெரியாதா இவங்களுக்கு? எட்டுப் புள்ளைங்க இருக்கே அவனுக்கு! புதுசா இருக்கறதுக்கு வழி கண்ணு முன்னாடி கிடக்கு, பயந்துட்டு தொடல.

பூச்சி_ஒழிக

மார்ஜ் அக்கா +1. இந்த இழைலயே நல்ல போஸ்ட்.

கார்ட்மேன்_கடை

சவுத் பார்க் கார்ட்டூன் ரசிகன் ஒருத்தன் இங்க பேசலாமா? எதிரி வேணும்னு தாசன் சொல்றாரே, அதுக்கு வேகமும் வேணும். சிம்ப்சன்ஸ் ஒரு எபிசோடுக்கு எட்டு ஒம்போது மாசம் எடுக்குது, இன்னிக்கு நடக்கறதைக் கலாய்ச்சா வரும்போது ஊசிப்போயிருக்கும். சவுத் பார்க் ஆறே நாள்ல ஒரு எபிசோடு, 2011ல அதைப் பத்தி டாக்குமென்டரியே வந்துச்சு. 2025 ஜூலையில 27வது சீசன் முதல் எபிசோடு, தங்களோட சொந்த முதலாளி பாரமவுன்ட்டையும் அமெரிக்க ஜனாதிபதியையும் ஒண்ணா வெச்சு செஞ்சாங்க, அதுவும் 150 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட கையோட. வெள்ளை மாளிகையே அறிக்கை விட்டுச்சு. 1997ல ஆரம்பிச்ச ஷோ. இதுக்கு மேல என்ன ஃப்ரெஷ் வேணும்?

டோனட்_தாசன்

@கார்ட்மேன்_கடை மறுக்கல, என் வாதத்துக்கு நீங்க சாட்சியே சொல்லிட்டீங்க, எதிரி கிடைச்சதும் எழுந்து உக்காந்துட்டாங்க பாருங்க. ஆனா அந்த வேகமே காலை வாரியும் விட்டிருக்கு. 2016ல சீசன் முழுக்க ஒரே கதையா கொண்டுபோனாங்க, ஹிலாரி ஜெயிப்பாங்கன்னு நினைச்சு எபிசோடு ரெடி பண்ணி, ட்ரம்ப் ஜெயிச்சதும் ஒரே ராத்திரியில மாத்தி எழுதுனாங்க, அந்த சீசனோட கடைசிப் பாதி எங்க போகுதுன்னே தெரியாது. இன்னொண்ணு, சவுத் பார்க் இப்போ வருஷத்துக்கு அஞ்சாறு எபிசோடுதான் சீசன்னு போடுறாங்க. சிம்ப்சன்ஸ் பல வருஷம் இருபத்திரெண்டு. புது ரினியூவல்ல சீசனுக்கு 15ன்னு குறைச்சிருக்காங்க, அதுதான் எனக்கு நல்ல செய்தி.

ஹேங்க்_கில்_கேஸ்

யாருமே கிங் ஆஃப் தி ஹில் கார்ட்டூன் பத்தி பேச மாட்டீங்களா? 1997லருந்து 2010 வரைக்கும் 13 சீசன் ஓடி நின்னுச்சு. 2025 ஆகஸ்ட்ல ஹூலு ஸ்ட்ரீமிங்ல திரும்ப வந்துச்சு. வயசை ஏத்திட்டாங்க. பையன் பாபிக்கு 21, டல்லாஸ்ல சமையல்காரன், ஜப்பான்-ஜெர்மன் கலவை ஹோட்டல் நடத்துறான். அப்பா ஹேங்கும் அம்மா பெக்கியும் சவுதியில வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்பி வர்றாங்க. (கல்ஃப்ல வேலை பாத்துட்டு ஊருக்கு வந்து எல்லாமே மாறிப்போச்சேன்னு முழிக்கிற அப்பா! நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கு, சிரிச்சு மாளல.)

பாருங்க, பதினஞ்சு வருஷம் கேப் விட்டாங்க, வயசு ஏத்தினாங்க, கதை தானா வந்துடுச்சு. சிம்ப்சன்ஸ் பண்ண வேண்டியதும் இதுதான். பார்ட்டை வளர விடுங்க.

ஸ்பிரிங்ஃபீல்டு_சித்தர்

இதுல மட்டும் நான் தாசன் பக்கம். கிங் ஆஃப் தி ஹில் முதல்லருந்தே நிஜத்துக்குப் பக்கத்துல நின்ன ஷோ, அதுக்கு வயசு ஏத்தலாம். ஹோமர் விண்வெளிக்குப் போனவன், பாக்ஸிங் சாம்பியன்கூட சண்டை போட்டவன், அவனுக்கு வயசு ஏத்தினா அந்த உருண்டை உலகமே ஒடஞ்சுடும்.

ஆனா ஏத்தாததுக்கும் விலை இருக்கு. 1991ல ஹோமரும் அவன் பொண்டாட்டி மார்ஜும் ஸ்கூல்ல சந்திச்சது 1974னு காட்டினாங்க. அப்படியொரு அழகான எபிசோடு அது. அப்புறம் 2008ல வந்த எபிசோடுல அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி 90கள்ல இருந்தாங்களாம், ஹோமர் கிரஞ்ச் ராக் இசைக்குழு வெச்சிருந்தானாம். 2021ல வந்ததுல ஹோமர் 90கள்ல டீனேஜ் பையனாம்! ஹோமர் 90கள்ல பையன்னா அந்த வருஷங்கள்ல நாம டிவியில பாத்த ஹோமர் எவன்யா?

டோனட்_தாசன்

ஹாஹா, 2021ல வந்தது பாத்திருக்கீங்க போல, பாக்க மாட்டேன்னீங்களே.

ஸ்பிரிங்ஃபீல்டு_சித்தர்

க்ளிப்பு.

டோனட்_தாசன்

சரி சரி. நான் சொல்ல வந்ததே அந்த இடத்துலருந்துதான். அந்த உறைஞ்ச காலத்தை முன்னாடி மறைக்கப் பாத்தாங்க, 2008 எபிசோடு அப்படி மறைக்கப் போய் மாட்டிக்கிச்சு. இப்போ மறைக்கல, அதையே கதையாக்குறாங்க. 2024 செப்டம்பர்ல 36வது சீசன் முதல் எபிசோடு, கோனன் ஓ'பிரையன் மேடையேறி இதுதான் சிம்ப்சன்ஸ் கடைசி எபிசோடுன்னு அறிவிக்கிறார், ஏஐ-யை வெச்சு எழுதினதுங்கறாங்க. பார்ட்டுக்குப் பொறந்தநாள் வருது, ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் கடைசி எபிசோடு பாணியில முடிவு வருது, ஒருத்தன் கிளம்புறான், ஒருத்தன் திருந்துறான், இந்தப் பையன் மட்டும் எல்லாரும் ஏன் இப்படி மாறுறீங்கன்னு மிரண்டு ஓடுறான். வழக்கமான சீரியல் கடைசி எபிசோடு எத்தனை பொய்யுன்னு அரைமணி நேரத்துல தோலுரிச்சுட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் முடியாம ஓடின ஒரு ஷோவாலதான் அந்த எபிசோடை எடுக்க முடியும், மூணு சீசன் ஓடின ஷோ எடுத்தா எடுபடாது.

2022 மே மாசம் வந்தது ஒண்ணு, ஹோமர் மாதிரி படிப்பில்லாதவன் ஒரே சம்பளத்துல ரெண்டு மாடி வீடு, ரெண்டு காரு, மூணு புள்ளைங்கன்னு வாழ்ந்தது இனிமே நடக்கவே நடக்காதுன்னு பார்ட்டுக்குப் பாட்டாவே பாடிக் காட்டுவாங்க. 1989ல இந்தக் குடும்பம் கஷ்டப்படுற குடும்பம்! ஷோ மாறவே இல்ல, வெளிய உலகம் மாறி அவங்களை வசதியான ஆளாக்கிடுச்சு. இந்த மாதிரி ஒரு விஷயம் தொட, நின்ன இடத்துலயே முப்பது வருஷம் நிக்கணும்.

எல்லா எபிசோடும் இப்படி இல்ல, பாதிக்கு மேல சுமார்தான், அதையும் சொல்லிடுறேன். தொடரா பாத்தா செத்தது செத்ததுதான், இன்னிக்கு யாரும் அடுத்த வாரம் என்னாகும்னு காத்திருக்கல. வாரம் ஒரு சிறுகதை மாதிரி எடுத்துட்டா அப்பப்போ ஒண்ணு நெஞ்சைப் புடிக்குது.

மதுரை_மார்ஜ்

எழுத்து சரி, குரல் என்ன பண்ணுவீங்க? வரைஞ்ச ஆளுக்கு வயசாகாது, பேசுற ஆளுக்கு ஆகும். மார்ஜ் குரலை 4வது சீசன்ல கேட்டுட்டு இப்போ கேளுங்க, எனக்கே தொண்டை வலிக்கிற மாதிரி இருக்கு, பாவம் ஜூலி கேவ்னர் அம்மா. 1998ல ஃபில் ஹார்ட்மன் இறந்துபோனப்போ அவர் குரல் குடுத்த ட்ராய் மெக்ளூரையும் லயனல் ஹட்ஸையும் அவரோடவே நிறுத்திட்டாங்க. 2013ல மார்ஷா வாலஸ் இறந்துபோனப்போ க்ரபாப்பல் டீச்சரையும் நிறுத்திட்டாங்க, தொடக்கத்துல பார்ட் கரும்பலகையில ஒரே ஒரு வரி எழுதிட்டு சோகமா நிப்பான். அப்போ இருந்த அந்த மரியாதை எனக்குப் புடிச்சிருந்துச்சு. 2024ல பமேலா ஹேடன் ரிட்டயர் ஆனதும் பார்ட்டோட ஃப்ரெண்டு மில்ஹவுஸுக்கு வேற குரல் போட்டாங்க. மில்ஹவுஸுக்குப் போடலாம். ஹோமருக்குப் போடுவீங்களா?

கார்ட்மேன்_கடை

டோரேமானுக்கு 2005ல மொத்தக் குரலையும் மாத்தலையா? ஷின்-சானுக்கு 2018ல மாத்தலையா? புள்ளைங்க பாத்துட்டுதான் இருக்கு.

யோகோஹாமா_ரவி

புள்ளைங்க பாக்கும். பெரியவங்க ரெண்டு வருஷம் புலம்பிட்டு அப்புறம் பாப்பாங்க. இங்க அப்படித்தான் நடந்துச்சு.

மட்டுறுத்துனர்

ஏஐ குரல் பத்தி வந்த மூணு போஸ்டை தனி இழைக்கு மாத்தியாச்சு. அங்க சண்டை போட்டுக்கோங்க.

புது_பார்வையாளர்

எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டேனே, யாருமே சொல்லலையே 🙏

ஸ்பிரிங்ஃபீல்டு_சித்தர்

சாரிப்பா, சண்டையில கவனிக்கல. 4வது சீசனை முழுசா பாரு. மோனோரெயில், யூனியன் ஸ்ட்ரைக் எபிசோடு ரெண்டும் அதுலதான். அப்புறம் 8ல பூச்சி, கிரைம்ஸ். பழைய எபிசோடு ஸ்ட்ரீமிங்ல பாக்கும்போது பழைய டிவி சைஸ் 4:3 ஆப்ஷன் இருந்தா அதைப் போடு. டிஸ்னி ப்ளஸ்ல முதல்ல மேலயும் கீழயும் வெட்டி அகலமாக்கிப் போட்டாங்க, டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை மூணுக்கும் ஒரே பைப்லருந்துதான் பீர் வருதுங்கற ஜோக்கே அதுல வெட்டுப்பட்டுப் போச்சு. சத்தம் போட்டப்புறம்தான் 2020ல சரி பண்ணாங்க.

டோனட்_தாசன்

அதோட 33வது சீசன்ல பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட் ஒண்ணு பாரு தம்பி. ஹோமரும் மார்ஜும் மட்டும் பனிக்காட்டுல துணியில்லாம மாட்டிக்கிறாங்க, அவ்ளோதான் கதை. சித்தரும் பாக்கணும், கெஞ்சிக் கேக்குறேன், க்ளிப்பு இல்ல, முழுசா.

ஸ்பிரிங்ஃபீல்டு_சித்தர்

(ரெண்டு நாள் கழிச்சு) பாத்தேன். ஜோக் கம்மி. ஆனா நெருப்பு மூட்ட முடியாம ரெண்டு பேரும் திட்டிக்கிற இடத்துல அது ஹோமர்தான், பழைய ஹோமர். ஒரு எபிசோடு நல்லா இருக்குங்கறதுக்காக இருபது வருஷத்தை மன்னிக்க மாட்டேன். கோனன் வர்றதை அடுத்து பாக்கலாம்னு இருக்கேன், அவ்ளோதான், ரொம்ப ஆடாதீங்க.

டோனட்_தாசன்

ஆடல ஆடல 😂

புது_பார்வையாளர்

பூச்சி எபிசோடு பாத்துட்டேன், செம. ஒரு டவுட்டு, அந்த வீட்டுல ராய்னு ஒரு பையன் இருக்கானே, யாருமே அவனை யாருன்னு கேக்கல, அவன் எந்த சீசன்லருந்து இருக்கான்?

பூச்சி_ஒழிக

தம்பி, திடீர்னு புது ஆளை உள்ள நுழைக்கிறதைக் கலாய்க்கிறாங்க, அதான்டா ஜோக்கே.